புரித்துவக்கு: 'ரைபிள்' என்னும் சொல்லின் பொருளும் பிறப்பும்

துப்பாக்கியைத் திருகோணமலைப் பேச்சில் துவக்கு என்கிறோம். துவக்கு, துப்பாக்கி ஆகிய இரண்டும் பாரசீகத் துஃபங், துருக்கியத் தூஃபெக் ஆகிய சொற்களோடு உறவுடையவை. சிங்களத்தின் துவக்குவவும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. தொடங்குதல் என்று பொருள்படும் துவக்கு என்ற வினைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இத்தனை பழகிய சொல் இருந்தும், ரைபிள் என்பதை மட்டும் மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்திருக்கிறோம். அது துவக்கில் எந்த வகை என்பதற்கான விடை அச்சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

பழைய பிரெஞ்சு மொழியில் ரிஃப்லே என்றால் கீறுதல், சுரண்டுதல். அந்த வினை ஆங்கிலத்துக்குச் சென்று, 17ஆம் நூற்றாண்டில், குழலின் உட்சுவரில் திருகலான பள்ளங்கள் வெட்டுவதைக் குறிக்கலாயிற்று. பள்ளம் வெட்டிய துவக்கு என்ற நீண்ட பெயர் 18ஆம் நூற்றாண்டில் சுருங்கி, ரைபிள் என்றே நின்றது. நம் இலக்கணம் இதைச் சினையாகுபெயர் என்னும்: உறுப்பின் பெயர் முழுப்பொருளுக்கு ஆகி வந்திருக்கிறது. திருகோணமலையின் பிரட்றிக் கோட்டையில் கிடக்கும் பழைய பீரங்கிகளின் காலத்தில் பீரங்கிக் குழல்களுக்கு இந்தப் பள்ளங்கள் இருக்கவில்லை. குண்டு வழவழப்பான குழலிலிருந்து சுழலாமல் வெளியேறியது. பள்ளம் குண்டைச் சுழற்றுகிறது, சுழலும் குண்டு பம்பரம்போல் தன் அச்சில் நிலைத்து நேரே செல்கிறது.

தமிழில் இதற்கு என்ன பெயர் பொருந்தும்? சுழல்துப்பாக்கி என்பது பொருந்தாது. அது ரிவோல்வருக்குப் போய்விட்டது. மரைக்குழல் துப்பாக்கி என்பது பிழையில்லை, ஆனால் மரை என்றதும் ஆணியும் நட்டும்தான் நினைவுக்கு வருகின்றன. என் தெரிவு புரித்துவக்கு. புரி என்றால் முறுக்கு, திருகு. நம் மக்கள் துவக்குகளுக்குப் பெயரிட்ட முறையே அதற்குச் சான்று: மருந்தை வாய்வழியே இட்டு இடித்து நிரப்புவது இடியன், விலங்கின் வழியில் கட்டிவைப்பது கட்டுத்துவக்கு. செய்கையையோ அமைப்பையோ பார்த்துப் பெயர் வைக்கும் அந்த வரிசையில் புரித்துவக்கும் இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது.

புரி என்ற சொல்லைத் தேர்வதில் இன்னொரு வசதியும் உண்டு. கோணேசர் கோயிலுக்குப் போகும் எவருக்கும் வலம்புரியும் இடம்புரியும் தெரியும். குழலின் பின்புறமிருந்து பார்க்கும்போது பள்ளங்கள் கடிகார முள்ளின் திசையில் சுழன்று முன்செல்லுமானால் அது வலம்புரிக் குழல். சங்கில் நாம் வலம்புரி என்பதை விலங்கியலார் இடப்பக்கச் சுருள் என்கிறார்கள். பார்க்கும் திசை வேறு என்பதால் வரும் முரண் அது, குழலுக்கு மேற்சொன்ன வரையறையே போதும். 1887இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த 0.22 லோங் ரைபிள் தோட்டாவுக்கான குழல்களில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற வலம்புரியே வழக்கம். அதற்கு மாறாக, பிரித்தானியப் படையின் துவக்காயிருந்த லீ-என்ஃபீல்டின் குழல் ஐந்து பள்ளங்கள் கொண்ட இடம்புரி. ஹரி போப் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் குழல் வினைஞரும் எட்டுப் பள்ளங்களை இடம்புரியாகவே வெட்டினார். பழைய குழலை இனங்காண்பவர் முதலில் எண்ணுவதும் இவற்றையே: எத்தனை பள்ளம், எந்தப் புரி, ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம்.

பள்ளத்துக்கும் அதன் இடையே நிற்கும் மேட்டுக்கும் தனிச்சொல் வேண்டும். ஆங்கிலத்தில் மேட்டை நிலம் என்ற பொருள்படும் லேண்ட் என்கிறார்கள். உழுத வயலில் சால்களுக்கிடையே நிற்கும் நிலத்திலிருந்து வந்த பெயர் அது. நாமும் பள்ளத்தைச் சால் என்றும் மேட்டை வரம்பு என்றும் சொல்லலாம். தம்பலகாமத்து வயலைப் பார்த்து வளர்ந்தவருக்கு இவ்விரண்டையும் விளக்கத் தேவையில்லை. வெறுமையாக்கித் திறந்த குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கும்போது வரம்புகளின் ஓரம் கூர்மையாகத் தெரிந்தால் அது பேணப்பட்ட குழல். ஓரம் மழுங்கி, சாலில் புள்ளி புள்ளியாக அரிப்பு இருந்தால், 1920களின் பிற்பகுதிக்கு முன் வழங்கிய தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் எரியூட்டி குழலில் விட்ட உப்பு ஈரத்தை இழுத்ததே பெரும்பாலும் காரணம். கடற்காற்று அடிக்கும் நம் ஊரில் அந்த அரிப்பு இன்னும் விரைவாக நடக்கும். தேய்ந்த குழலைத் துளைத்து உள்ளே புதிய குழாய் செருகுவதும் உண்டு, வாய்முனையில் தெரியும் மெல்லிய வளையம் அதைக் காட்டிக்கொடுக்கும். வெளிப்புறத்து முத்திரையும் பேசும்: பிரித்தானிய வேட்டைத் துவக்கில் முடியும் குறுக்காக வைத்த இரு செங்கோல்களும் இருந்தால், அது 1813இல் நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைக்கூடம் 1904க்கு முன் இட்டது.

கலிபர் என்ற சொல் வார்ப்பு அச்சு என்று பொருள்படும் அரபுக் காலிபிலிருந்து வந்தது. துளைவிட்டம் என்பது நேரான தமிழ். ஆனால் அந்த எண் எங்கே அளக்கப்பட்டது என்று கேட்க வேண்டும். லீ-என்ஃபீல்டின் 0.303 அங்குலம் என்பது வரம்புக்கு வரம்பு அளந்தது. சாலுக்குச் சால் அளந்தால் எண் கூடும், குண்டும் 0.311 அங்குலம். பேரல் என்ற சொல் பீப்பாயிலிருந்து வந்ததென்பதும், தொடக்கத்தில் இரும்புப் பட்டைகளைச் சேர்த்து வளையமிட்டே குழல் செய்தார்கள் என்பதும் சுவையான செய்திகள். நமக்குக் குழல் போதும்.

புரித்துவக்கு என்ற பெயருக்கும் ஒரு சிக்கல் உண்டு. பொஸ்பரி என்பவர் 1885இல் காப்புரிமை பெற்று ஹோலண்ட் அண்ட் ஹோலண்ட் நிறுவனம் விற்ற பரடொக்ஸ் துவக்கில், குழல் முழுவதும் வழவழப்பாயிருக்க, வாய்முனையின் சில அங்குலங்களில் மட்டும் சால் வெட்டப்பட்டிருந்தது. அதை முனைப்புரித் துவக்கு என்று நான் எழுதிவருகிறேன்.