தேர்வுக்குப் பதிந்தாயா, கண்ணு?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். ஸ்வயம், என்பிடெல் என்ற அரசு இணையவழிப் பாடங்களில் சேரும் பிள்ளைகளுக்குக் கைகொடுப்பதும் என் பொறுப்புதான்.

போன பருவத்தில் ஒரு மாணவி வந்து நின்றாள். "ஹால் டிக்கெட் எப்பங்க சார் வரும்?" பன்னிரண்டு வாரப் பாடம், ஒரு வீடியோ விடவில்லை, நோட்டு நிறையக் குறிப்பு. அவள் கணக்கைத் திறந்து பார்த்தால், தேர்வுக்கு அவள் பதியவே இல்லை. பாடத்தில் சேருவது இலவசம்; தேர்வுக்குத் தனியாகப் பதிந்து பணம் கட்ட வேண்டும். நினைவூட்டல்கள் போன மெயில் ஏதோ கடையில் திறந்து கொடுத்தது, பாஸ்வேர்டு அவளிடம் இல்லை. ஓடிபி அப்பா நம்பருக்குப் போகும். அவர் விடியுமுன்னே லோடு ஏற்றிக்கொண்டு வாளையார் எல்லை தாண்டியிருப்பார்.

ரீல்ஸ் போடுகிற, ஜிபேயில் பணம் அனுப்புகிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் தானாக வந்துவிடும் என்று ஆசிரியர்கள் நாம் நினைத்துவிடுகிறோம். வராது. சந்தைப்படுத்தல் ஆய்வாளர் ஏ. பரசுராமன் 2000-இல் தொழில்நுட்பத் தயார்நிலையை, அதாவது புதிய தொழில்நுட்பத்தை ஏற்றுப் பயன்படுத்த ஓர் ஆள் எவ்வளவு தயார் என்பதை, அளக்க ஓர் அளவுகோல் தந்தார். நன்மை வரும் என்ற நம்பிக்கையும் புதியதை முயலும் ஆர்வமும் ஆளை முன்னே தள்ளும். தடுமாற்றமும் பாதுகாப்பு பற்றிய பயமும் பின்னே இழுக்கும். நான்கும் ஒரே ஆளுக்குள் ஒன்றாக இருக்கலாம். எங்கள் பிள்ளைகளிடம் முதல் இரண்டுக்குப் பஞ்சமே இல்லை.

பின்னே இழுப்பதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு பையன் பத்துக் கேள்விக்கும் விடை குறித்துவிட்டு, சப்மிட் பொத்தானுக்கு மேலே கட்டைவிரலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். "தப்பா அமுக்கீட்டா மார்க் போயிருமுங்களா?" போகாது. என்பிடெல்லில் கடைசித் தேதி வரை எத்தனை முறையும் மாற்றி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதே கணக்கு. பன்னிரண்டு வாரப் பாடத்தின் பன்னிரண்டு அசைன்மென்ட்டில் சிறந்த எட்டுக்குத்தான் 25 மதிப்பெண். மீதி 75 நேரில் போய் எழுதும் தேர்வுக்கு. இதைச் சொன்னதும் அவன் தோள் தளர்ந்தது.

இப்போது முதல் வாரம் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். மெயிலை அவர்களே திறக்கிறார்கள், சொந்த நம்பர் கொடுக்கிறார்கள், தேர்வுப் பதிவின் கடைசி நாளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுகிறார்கள். பொத்தானை நான் தொடுவதில்லை.

அந்த மாணவி மறுபடி சேர்ந்திருக்கிறாள். நேற்று வந்து சொன்னாள்: "மூணாவது விடை சந்தேகமா இருந்துச்சுங்க சார், ராத்திரியே மாத்தி அனுப்பீட்டேன்."