நாடி நின்றது, மோட்டார் நிற்கவில்லை

திருமங்கலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "அழகர் ஆற்றில் இறங்கிய அன்று வைகைக் கரையில் காவி கட்டிய ஒருவர் சமாதியில் இருப்பதாகச் சொல்லிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என் தாத்தா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த நாடி நின்றுவிட்டது. சற்று நேரத்தில் திரும்ப வந்தது. இது சித்தியா, ஏமாற்றா?"

முதலில் மலிவான வழியைச் சொல்லிவிடுகிறேன். பேரனின் ரப்பர் பந்தை என் இடது அக்குளில் வைத்து, கையை விலாவோடு இறுக்கிக்கொண்டேன். மனைவி மணிக்கட்டில் மூன்று விரல் வைத்திருந்தார். துடிப்பு மெலிந்தது, பிறகு காணவில்லை. கைக்குப் போகும் தமனியைப் பந்து எலும்போடு வைத்து நசுக்கிவிட்டது, அவ்வளவுதான். "வலது கையைக் கொடுங்கள்" என்றார் உடனே. அங்கே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வித்தை அத்தோடு முடிந்தது.

இரண்டு கையிலும் ஒரே நேரத்தில் நின்றால்தான் விஷயம் சுவையாகிறது. வெங்கர், பாக்சி என்ற இரு அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1957இல் கருவிகளோடு இந்தியாவுக்கு வந்து யோகிகளைத் தேடிப் போனார்கள். டெல்லி எய்ம்ஸின் உடலியங்கியல் அறிஞர் ஆனந்த் அவர்களோடு சேர்ந்து பணியாற்றினார். இதயத்தையோ நாடியையோ கட்டுப்படுத்துவதாகச் சொன்ன நால்வரைப் பற்றி மூவரும் 1961இல் எழுதினார்கள். நால்வரில் மூவருக்கு நாடி மறைந்தது. ஸ்டெதஸ்கோப்பிலும் இதய ஒலி கேட்கவில்லை. ஆனால் இசிஜி காகிதத்தில் முனைகள் ஒன்றுகூட விடாமல் வரிசையாக எழும்பிக்கொண்டே இருந்தன. நான்காமவர் நிறுத்துவதாகச் சொல்லவில்லை. துடிப்பை மெதுவாக்கிக் காட்டினார்.

கிணற்றில் தண்ணீர் இல்லாதபோது மோட்டார் போட்டுப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மின்சாரம் வருகிறது, மோட்டார் சுற்றுகிறது, மீட்டரும் ஓடுகிறது. குழாயில் மட்டும் ஒன்றும் வராது. இசிஜி காட்டுவது மின்சாரத்தை. விரல் தொட்டுப் பார்ப்பது தண்ணீரை.

சரி, கிணற்றை வற்ற வைப்பது யார்? முக்கல். இளவட்டக்கல்லைத் தூக்குகிறவன் மூச்சை உள்ளே பூட்டிக்கொண்டு தம் பிடிக்கிறானே, அதே முக்கல்தான். 1704இல் இத்தாலிய உடற்கூறியலாளர் வல்சால்வா காதைப் பற்றிய ஆராய்ச்சியில் விவரித்ததால் மருத்துவர்கள் அதை அவர் பெயரால் அழைக்கிறார்கள். குரல்வளையை அடைத்துக்கொண்டு மூச்சை வெளியே தள்ளப் பார்த்தால், நெஞ்சுக்குள் அழுத்தம் பாதரச அளவில் 40 மில்லிமீட்டருக்கு எளிதாக ஏறும். தமனிக்கு இது பொருட்டே இல்லை. அதற்குள் 120க்கு 80 என்று ஓடுகிறது. ஆனால் இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெருஞ்சிரையில், நெஞ்சருகே, அழுத்தம் ஒற்றை இலக்கம்தான். சுவரும் மெலிது. தோட்டத்து ரப்பர் குழாயை மாடு மிதித்த மாதிரி அது தட்டையாகிவிடுகிறது. உள்ளே வரும் ரத்தம் குறைய, வெளியே போவதும் குறைகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியேறும் அளவு சிறுத்துச் சிறுத்து, மணிக்கட்டில் இருக்கும் விரலுக்கு எட்டாத அலையாகிவிடுகிறது. இறுகிய நெஞ்சுத் தசைகளின் இரைச்சல் இதய ஒலியை ஸ்டெதஸ்கோப்பில் மூழ்கடிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பிறகு வரும் சில நொடிகள். அழுத்தம் சரிவதைக் கழுத்துத் தமனியில் இருக்கும் உணர்விகள் மூளைக்குச் சொல்ல, இதயம் வேகமெடுக்கிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அந்த நேரம் பார்த்து யோகி மூச்சை விடுகிறார். தேங்கிக் கிடந்த ரத்தம் மொத்தமாக உள்ளே பாய்கிறது. குழாய்களோ இன்னும் சுருங்கியே இருக்கின்றன. அழுத்தம் வழக்கத்தைத் தாண்டி எகிறுகிறது. உடனே வேகஸ் என்னும் பத்தாவது கபால நரம்பு பிரேக் போடுகிறது. காணாமல் போன நாடி, முன்னைவிட மெதுவாகவும் முன்னைவிடத் திடமாகவும் தட்டிக்கொண்டு திரும்புகிறது. தாத்தாவின் விரலுக்கு அது "போய்விட்டுத் திரும்பிய உயிர்" போலப் பட்டிருந்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். (இதய நோய் உள்ளவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம். மயக்கம் வரும்.)

அந்த பிரேக்கைத் தொட்டுப் பார்க்க முக்க வேண்டியதில்லை. நரம்பின் கட்டுப்பாடு இல்லாவிட்டால் இதயம் நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிக்கும். வேகஸ்தான் அதை 70க்கு இழுத்து வைத்திருக்கிறது. மூச்சை இழுக்கும்போது பிடி தளர்கிறது, விடும்போது இறுகுகிறது. மணிக்கட்டில் விரல் வைத்து நீளமாக மூச்சு விட்டுப் பாருங்கள், துடிப்புகளுக்கு இடையே இடைவெளி கூடுவது தெரியும். இழுக்க 16, நிறுத்த 64, விட 32 மாத்திரை (கண் இமைக்கும் நேரம்) என்று கணக்குச் சொல்கிறார் திருமூலர். விடும் மூச்சு இழுப்பதைப் போல இரண்டு மடங்கு.

இத்தகைய ஆய்வுகளைப் பற்றி எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. "யோகம் நல்லது" என்று காட்டப் புறப்படும் திட்டத்துக்கு மனமுவந்து பணம் தருகிறவர்கள், "சொல்வதில் எது நடக்கவில்லை" என்று அளக்கப் புறப்பட்டால் முகம் சுளிக்கிறார்கள். 1957இல் வந்தவர்கள் இரண்டையும் ஒரே காகிதத்தில் அளந்தார்கள்.

பதஞ்சலி இவர்களைவிடக் கறாரானவர். யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதம் பெரும்பாலும் சித்திகளின் பட்டியல்தான். ஒரே பொருளில் தாரணை (மனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது), தியானம், சமாதி மூன்றையும் குவிப்பதற்கு சம்யமம் என்று பெயர். யானையின் பலத்தில் சம்யமம் செய்தால் யானை பலம் வரும் என்கிறார். மீனாட்சி அம்மன் கோயிலில் கல்யானைக்குக் கரும்பு கொடுத்த எல்லாம் வல்ல சித்தரைக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு இது கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் அதே பாதத்தில், வெளியே திரும்பிய மனத்துக்குத்தான் இவை சித்திகள், சமாதிக்கு இவை இடையூறு என்றும் எழுதிவைத்துவிட்டார்.

1896இல் மதுரை சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டு மாடியில், பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட பதினாறு வயதுப் பையன் வேங்கடராமனும் மூச்சை அடக்கி, உதட்டை இறுக மூடிப் படுத்துப் பார்த்தான். சாவு வந்துவிட்டது என்று தோன்றியபோது அவன் சோதித்தது நாடியை அல்ல. உடல் போனால் போகட்டும், "நான்" என்பது எது என்று பார்த்தான். அதை அளக்க என்னிடம் கருவி இல்லை, அதனால் அதோடு விடுகிறேன்.

காவிக்காரர் அடுத்த சித்திரையிலும் வருவார். தாத்தாவோடு நீங்களும் போய் ஆளுக்கொரு மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மட்டும் நின்றால் அக்குளைப் பாருங்கள். இரண்டு பக்கமும் நின்று, அக்குள்களிலும் ஒன்றும் இல்லை என்றால், ஒன்றிலிருந்து இருபது வரை சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். அடைத்த குரல்வளையிலிருந்து குரல் வராது. எண்ண வாய் திறந்தால் நாடி வந்துவிடும்.