டேக்: எண்ணிம-ஒப்புமை மாற்றியும் நிலைமின் ஹெட்போனும்

ஹெட்போன் பிரியர்கள் 'டேக்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் கருவியின் முழுப்பெயர் டிஜிட்டல்-டு-அனலாக் கன்வெர்ட்டர். ஸ்டாக்ஸ், காஸ் போன்ற எலக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போன் வாங்க நினைப்பவர்கள், அதற்கென்று தனி டேக் வேண்டுமா என்று கேட்பது வழக்கம். வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. பெயரில் உள்ள சொற்களைப் பிரித்துப் பார்த்தாலே அதற்கான காரணம் பாதி விளங்கிவிடும்.

டிஜிட் என்பதற்கு வேர், விரலைக் குறிக்கும் 'டிஜிட்டஸ்' என்ற லத்தீன் சொல். விரல்விட்டு எண்ணியதால் எண்ணுக்கும் அந்தப் பெயர் வந்தது. தமிழில் 'இலக்கமுறை', 'எண்ணிமம்' இரண்டும் வழங்குகின்றன. வீட்டு முகவரியிலேயே 'இல.' என்று எழுதும் இலங்கையில் இலக்கமுறை என்ற சொல் இயல்பாகப் பொருந்துகிறது. 'எண்ணிம' என்பது பெயருக்கு முன் அடைமொழியாகச் சுருக்கமாக நிற்பதால் இங்கே அதை எடுத்துக்கொள்கிறேன். 1982இல் விற்பனைக்கு வந்த சிடியில் இசை முழுக்க எண்களாகத்தான் இருக்கிறது: ஒரு விநாடிக்கு 44,100 அளவீடுகள், ஒவ்வொன்றும் 16 பிட்.

அனலாக் என்பது கிரேக்கத்தின் 'அனலாகோஸ்' வழி வந்தது. விகிதத்துக்கு ஏற்றது என்று பொருள். காற்றின் அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறதோ, அதே விகிதத்தில் மின்னழுத்தமும் ஏறி இறங்கினால் அது அனலாக். 'தொடர் சைகை' என்ற வழக்கும் உண்டு. ஆனால் அது விட்டுவிட்டு வராதது என்ற பண்பை மட்டுமே சொல்கிறது. 'ஒப்புமை' மூலச் சொல்லின் பொருளையே பிடித்துவிடுகிறது. மின் அலை இங்கே ஒலி அலைக்கு ஒப்பாக நிற்கிறது அல்லவா?

கன்வெர்ட்டர் என்பது மாற்றி. மின்மாற்றி என்றால் டிரான்ஸ்ஃபார்மர், அது வேறு. ஆக, டேக் என்பது எண்ணிம-ஒப்புமை மாற்றி, அதாவது எண்களாக இருக்கும் இசையை மின் அலையாக மாற்றும் கருவி. அது தருவது படிக்கட்டு போன்ற அலை என்று பலர் நம்புகிறார்கள், விளக்கப் படங்களும் அப்படித்தான் வரைகின்றன. உண்மையில் மாற்றியில் இருக்கும் வடிகட்டி படிகளை நீக்கிவிடுகிறது. வெளியே வருவது வழவழப்பான தொடர் அலைதான்.

இப்போது எலக்ட்ரோஸ்டாட்டிக். 'எலக்ட்ரான்' என்பது கிரேக்கத்தில் அம்பர், அதாவது இறுகிப் போன மரப்பிசின். அதைத் தேய்த்தால் துரும்பு ஒட்டும். அந்த ஈர்ப்புக்கு 1600இல் வில்லியம் கில்பர்ட் லத்தீனில் 'எலக்ட்ரிகஸ்' என்ற அடைமொழியைக் கொடுத்தார். 'ஸ்டாட்டிக்' என்பது நிற்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் நாம் படித்த 'நிலைமின்னியல்' இதுதான். எனவே நிலைமின் ஹெட்போன். (ஹெட்போனுக்குக் காதொலிப்பான் என்று சிலர் எழுதுகிறார்கள். நல்ல சொல்தான், இன்னும் பரவவில்லை.)

'நிலை' என்ற சொல் இந்த ஹெட்போனின் உள்ளமைப்பையே சொல்லிவிடுகிறது. சில மைக்ரான் தடிமனே உள்ள பிளாஸ்டிக் சவ்வு ஒன்று, துளைகள் இட்ட இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சவ்வுக்கு ஒரு மாறா மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். ஸ்டாக்ஸின் 'ப்ரோ' வகையில் அது 580 வோல்ட், பழைய வகையில் 230 வோல்ட், காஸ் ஈஎஸ்பி 950இல் 600 வோல்ட். சவ்வின் மின்தடை மிக அதிகம் என்பதால் அதில் ஏறிய மின்னூட்டம் அப்படியே நிலைத்து நிற்கும். இசை மாறுவதெல்லாம் இரு பக்கத் தகடுகளில்தான். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும், சவ்வு இழுபட்டும் தள்ளப்பட்டும் அதிரும். முழுச் சவ்வும் ஒரே சீராக அசைவதுதான் இதன் தனிச்சிறப்பு. ஒரு தம்புராவின் சுருதி அடங்கும் கடைசி நொடிவரை கேட்டால் ஏன் இதற்கு இவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று புரியும்.

அந்தத் தகடுகளுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் தேவை. எந்த டேக்கும் அதைத் தராது. அதைத் தருவது ஹெட்போனுக்கென்றே செய்த தனிப் பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்). ஸ்டாக்ஸ் நிறுவனம் அதை டிரைவர் யூனிட் என்கிறது, மற்றவர்கள் எனர்ஜைசர் என்கிறார்கள். நிலைமின் பெருக்கி என்றால் போதும். ஆகவே டேக்குக்கு உங்கள் ஹெட்போன் இருப்பதே தெரியாது. அது பார்ப்பது பெருக்கியின் நுழைவாயை மட்டும்தான். அந்த நுழைவாய் எந்த டேக்குக்கும் பாரம் ஆகாத எளிய ஒன்று.

இதிலிருந்து வாங்கும் முறை தானாக வருகிறது. ஹெட்போன் பெருக்கி சேர்ந்த டேக் வாங்கினால் அந்தப் பாதிக்கான பணம் வீண். ஸ்டாக்ஸின் ஐந்து முள் செருகி அதில் நுழையவே நுழையாது. தேவை ஒரு சுத்தமான லைன் அவுட், அதாவது பெருக்கிக்குச் சைகையை அனுப்பும் வெளிவாய், மட்டும். சாதாரண ஆர்சிஏ துளையில் 2 வோல்ட், எதிரெதிரான இரண்டு சைகைகளைத் தரும் எக்ஸ்எல்ஆர் துளையில் 4 வோல்ட் என்பது பரவலான வழக்கம். நிலைமின் பெருக்கிகள் பல, வருவதை ஏறக்குறைய ஆயிரம் மடங்கு உயர்த்துபவை, 0.1 வோல்ட் கொடுத்தாலே 100 வோல்ட் ஆகிவிடும். அதனால் 2 வோல்ட் தாராளம். எக்ஸ்எல்ஆர் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். எதிரெதிர்ச் சைகைகளைப் பெருக்கியே உண்டாக்கிக்கொள்ளும்.

சிடியின் 16 பிட்டுக்குள் அடங்குவது, மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் வீச்சு. இன்றைய எளிய டேக் சில்லுகள்கூட அதைத் தாண்டிவிட்டன. மின்தடைகளை ஏணிபோல் அடுக்கிச் செய்யும் ஆர்-2ஆர் வகை டேக்தான் நிலைமின் ஹெட்போனின் கூர்மையான ஒலியைத் தணிக்கும் என்ற பேச்சுக்கு நான் மதிப்பளிப்பதில்லை. இரண்டு டேக்குகளின் ஒலியளவை வோல்ட்மீட்டர் வைத்துச் சமப்படுத்தி, எது எதுவென்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். சத்தம் கொஞ்சம் கூடுதலாக வருவதே நம் காதுக்குச் சிறந்ததாகப் பட்டுவிடும். குரல் உண்மையிலேயே கூர்மையாகக் குத்தினால், ஈக்வலைசரில் அந்த அதிர்வெண்ணைக் குறைப்பது நேர்வழி. மிச்சமாகும் பணத்தை நல்ல பெருக்கியில் போடுங்கள், அல்லது ஹெட்போனிலேயே ஒரு படி மேலே போங்கள்.

டேக் பெருக்கிக்குள்ளேயே இருப்பதும் உண்டு. 1991இல் வந்த சென்ஹைசர் ஆர்ஃபியஸின் பெருக்கியில் அப்படித்தான் இருந்தது. ஸ்டாக்ஸின் எஸ்ஆர்எம்-டி50இலும் இருக்கிறது. அதை வாங்குபவர் தனி டேக் தேட வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். மேசைக் கணினியோடு யுஎஸ்பி வழியாக இணைக்கும்போது, கணினியும் பெருக்கியும் தனித்தனியே நிலத்தொடர்பு பெற்றிருந்தால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரலாம். இத்தனை துல்லியமான ஹெட்போனில் அது உடனே காதில் விழும். ஆப்டிகல் நுழைவாய் உள்ள டேக்காகப் பார்த்து எடுத்தால், ஒளியிழையில் மின்தொடர்பே இல்லாததால் அந்த வழி அடைபட்டுவிடும். உங்கள் கணினியில் ஆப்டிகல் வெளிவாய் இருக்கிறதா என்பதை மட்டும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.