ஃப்ளோமீட்டரில் எண் துள்ளுகிறதா? டாம்பிங்கைத் தொடும் முன்

மணிக்கு 100 கன மீட்டர் ஓடும் குழாய். அந்த ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோமீட்டரின் திரையிலோ 94, 107, 98 என்று எண் ஓயாமல் துள்ளுகிறது. டாம்பிங்கை, அதாவது எண்ணை மெதுவாக மாறவைக்கும் ஃபில்டரை, 20 விநாடிக்கு ஏற்றினால் அடங்கிவிடும். அடங்குவது எண் மட்டும்தான். கோளாறு இருந்தால் அது அப்படியே இருக்கும்.

டாம்பிங்கின் கணக்கு எளிது. புதிய அளவீட்டுக்கும் திரையில் இருக்கும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு சிறு பங்கை மட்டும் ஒவ்வொரு தடவையும் சேர்க்கும். 0.1 விநாடிக்கு ஓர் அளவீடு, டாம்பிங் 2 விநாடி என்றால் அந்தப் பங்கு 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. ஓட்டம் சட்டென்று 160-க்கு ஏறினால், 2 விநாடி கழித்துத் திரை காட்டுவது 138; 6 விநாடியில் 157; 159.6-ஐத் தொட 10 விநாடி. போட்ட எண்ணைப்போல ஐந்து மடங்கு நேரம் பிடிக்கும். 20 போட்டால் 100 விநாடி! அதற்குள் கட்டுப்பாட்டு வால்வு தேவைக்கு மேல் திறந்து, பிறகு தேவைக்கு மேல் மூடி, ஓட்டத்தையே ஆட வைக்கும்.

மின்காந்த மீட்டரில் முதல் வேலை: டாம்பிங்கைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி, குழாய் நிறைந்திருக்கும்போதே வால்வை மூடுங்கள். திரவம் நின்ற பிறகும் எண் துள்ளினால் எர்த்திங், கேபிள் ஷீல்டு, எலக்ட்ரோடில் படிந்த அழுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். ஃபில்டருக்கு அங்கே வேலையில்லை.

ஓட்டத்தில் மட்டும் துள்ளினால், எப்படித் துள்ளுகிறது என்று கவனியுங்கள். அலைபோல ஏறி இறங்கினால் கட்டுப்பாட்டு லூப்பை மேனுவலில் போடுங்கள், அதாவது வால்வு தானாக அசையாதபடி நிறுத்துங்கள். ஆட்டம் நின்றால் குற்றவாளி பெரும்பாலும் பிஐடி (வால்வைத் தானாக இயக்கும் கட்டுப்பாட்டுக் கணக்கு) டியூனிங். எப்போதாவது ஒரு குமிழி வந்து எண்ணை எகிற வைத்தால் மீடியன் ஃபில்டர் போதும்: 100, 101, 180, 99, 100 என்ற ஐந்தின் சராசரி 116, நடு மதிப்போ 100. சேறு கலந்த திரவத்தின் இரைச்சல் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் பலமாக இருக்கும். அதனால் மீட்டரில் வசதி இருந்தால் காந்தப்புலத்தை உண்டாக்கும் காயிலின் அதிர்வெண்ணை உயர்த்தி, ஜீரோவை (ஓட்டம் இல்லாதபோது காட்டும் அளவை) மறுபடி சரிபார்ப்பது டாம்பிங்கைவிட நல்ல மருந்து.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் சிறு நடுக்கத்துக்குத்தான் டாம்பிங். 0.5, 1, 2, 4 என்று இரட்டித்துக்கொண்டே போய், எண்ணைப் படிக்க முடிகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். பிஎல்சி (மீட்டரின் சிக்னலை வாங்கும் கட்டுப்பாட்டுக் கணினி) பக்கம் அனலாக் இன்புட்டில் யாராவது ஏற்கெனவே இன்னொரு ஃபில்டர் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இரண்டு தாமதமும் சேர்ந்துகொள்ளும்.