ஒரு சொட்டு போதாது

ஸ்காட்லாந்தின் மேற்கே ஐலா என்றொரு தீவு. அங்கே கடலோரமாக நிற்கும் லாஃப்ராய்க் வடிசாலையின் 10 வருடச் சிங்கிள் மால்ட் விஸ்கி இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, தண்ணீர் கலந்து ஆல்கஹால் அளவைக் குறைத்தது. மற்றது, பீப்பாயிலிருந்து இறங்கிய அதே வீரியத்தோடு, 60 சதவீதத்தை ஒட்டிப் புட்டிக்கு வருவது. பெயர் 'காஸ்க் ஸ்ட்ரெங்த்'.

இரண்டாவதை நேராக ஒரு மிடறு வாயில் வைத்தால் முதலில் தெரிவது சுவையல்ல, எரிச்சல். இதற்கும் நாக்கின் சுவை மொட்டுகளுக்கும் சம்பந்தம் இல்லை. பச்சை மிளகாயைக் கடித்தால் அலறுகிற அதே வெப்ப உணர்விதான் இங்கும் அலறுகிறது. சாதாரணமாக அது 42 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் விழிக்கும். ஆல்கஹால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. வாய்க்குள் இருப்பதோ ஏறக்குறைய 37 டிகிரி. அதாவது, நம் உடம்புச் சூடே நம்மைச் சுடுகிறது!

எரிச்சல் தணியத் தண்ணீர் விடுவது புரிகிறது. ஆனால் தண்ணீர் விட்டதும் வாசனை ஏறுகிறதே, அது எப்படி?

ஐலா விஸ்கியின் புகை மணத்தில் குவாயகோல் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. முளைவிட்ட பார்லியை உலர்த்தும்போது, சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்த 'பீட்' எனும் மக்கிய தாவர மண்ணை எரித்துப் புகை போடுவார்கள், அதிலிருந்து வருவது. விறகடுப்பும் டிஞ்சர் நனைத்த பஞ்சும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. பிடித்தவர்களுக்கு உயிர், மற்றவர்களுக்கு ஆஸ்பத்திரி.

ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் இருவரும் 2017இல் இதைக் கணினியில் மூலக்கூறு மூலக்கூறாக ஓட்டிப் பார்த்தார்கள். குவாயகோலுக்குத் தண்ணீரைவிட ஆல்கஹாலோடுதான் ஒட்டுதல் அதிகம். தண்ணீர் தாராளமாக இருந்தால் ஆல்கஹால் மேற்பரப்பில் போய்க் கூடும். கூட்டாளி போன இடத்துக்குக் குவாயகோலும் போகும். மேலே வந்தது ஆவியாகி மூக்கை எட்டும். ஆல்கஹால் 45 சதவீதம் வரை நிலைமை இதுதான். 59ஐத் தாண்டினால் எங்கு பார்த்தாலும் ஆல்கஹால். குவாயகோல் உள்ளேயே சொகுசாகத் தங்கிவிடும்.

சரி, எவ்வளவு தண்ணீர்? 'ஒரு சொட்டு விட்டாலே விஸ்கி மலரும்' என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்கவில்லை. 58 சதவீத விஸ்கி 30 மில்லியில் ஐந்து சொட்டு, அதாவது கால் மில்லி விட்டால், 57.5க்குத்தான் இறங்கும். 45க்கு வர 9 மில்லி வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன். விஸ்கிகளைக் கலந்து தயாரிக்கும் நிபுணர்கள் 20 சதவீதம்வரை இறக்கித்தான் முகர்ந்து பார்க்கிறார்கள். அதனால் இரண்டு ஸ்பூன் விட்டவரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. சொட்டுச் சொட்டாக விடுவதில் ஒரு லாபம் உண்டு: கை தவறி அதிகமாகிவிடாது.

தண்ணீரை விடும்போது கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எண்ணெய் இழைகள்போல நெளிநெளியாகச் சுருண்டு இறங்கும். இரண்டு திரவங்களும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் தெரியும் கோலம் அது. குளிர்வித்து வடிகட்டாத விஸ்கியாக இருந்தால், 46 சதவீதத்துக்குக் கீழே போனதும் லேசாகக் கலங்கவும் செய்யலாம். ஆல்கஹாலில் கரைந்திருந்த கொழுப்பமில எஸ்டர்கள் தண்ணீரில் இடம் கிடைக்காமல் திரள்வதுதான் காரணம். கெட்டுப்போகவில்லை, தாராளமாக முகரலாம்.