எக்ஸ்ரேயில் முறிவு இல்லை, அப்புறம் ஏன் ஆறு மாதம் கழித்தும் வரச் சொல்கிறார்கள்?

பையன் விழுந்து முழங்கால் வீங்கியது, எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, வலியும் போய்விட்டது, இன்னும் ஏன் எக்ஸ்ரே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் படத்தைத் தவற விடாதீர்கள்.

குழந்தைகளின் நீண்ட எலும்புகள் நீள்வது முனைக்குப் பக்கத்தில் இருக்கும் வளர்ச்சித் தட்டில். அது குருத்தெலும்பு. எக்ஸ்ரேயை நன்றாகத் தடுப்பது கால்சியம். அது இல்லாததால் தட்டு படத்தில் வெறும் இருண்ட இடைவெளியாகத்தான் தெரியும். அதனால் விரிசல் தட்டுக்குள்ளேயே ஓடி, எலும்பு விலகாமல் இருந்தால் முதல் படம் இயல்பாகவே இருக்கும். 1963-இல் டொராண்டோவின் எலும்பு மருத்துவர்கள் சால்டரும் ஹாரிஸும் இந்தக் காயங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். ஐந்தாவது வகையில் தட்டு நசுங்குகிறது, அன்றைய எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் பிடிபடாது.

பயம் எதற்கென்றால், சேதமான இடத்தில் தட்டின் குறுக்கே எலும்பு முளைத்துப் பாலம் போட்டுவிடலாம். பாலம் ஓரத்தில் விழுந்தால் அந்தப் பக்கம் நின்றுபோய் மறுபக்கம் மட்டும் வளரும், கால் வளையும். நடுவில் விழுந்தால் கால் குட்டையாகலாம். தொடை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 70 சதவீதம் முழங்கால் பக்கத்துத் தட்டில்தான் நடக்கிறது, அதனால் அங்கே அடிபட்டால் கூடுதல் கவனம் வேண்டும்.

சரி, கண்ணுக்கே தெரியாத தட்டு நலமா என்று எக்ஸ்ரேயை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்? எனக்கு மிகப் பிடித்த இடம் இது. அடிபட்டதும் வளர்ச்சி கொஞ்ச காலம் மந்தமாகும். அப்போது தட்டை ஒட்டி உருவாகும் எலும்பு அடர்த்தியாகக் குறுக்குவாட்டில் படியும். பிறகு வளர்ச்சி தொடங்கும்போது தட்டு புது எலும்பை இட்டுக்கொண்டே அந்தப் படிவை விட்டு விலகிப் போகும். சில மாதம் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயில் அது மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும், பார்க் ஹாரிஸ் கோடு என்பார்கள். கோட்டுக்கும் தட்டுக்கும் உள்ள தூரம்தான் அடிபட்ட பிறகு எலும்பு வளர்ந்த அளவு. முழங்காலுக்கு மேலே அந்தத் தட்டு வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளரும், எனவே ஆறு மாதத்தில் அரை சென்டிமீட்டர் இடைவெளியை எதிர்பார்க்கலாம். கோடு தட்டுக்கு இணையாக ஓடினால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளர்கிறது, நிம்மதி. சாய்ந்து ஒரு பக்கம் தட்டிலேயே போய் முட்டினால் பாலம் அங்கேதான் இருக்கிறது! பார்க்க முடியாத ஒன்று தான் விட்டுப்போன எலும்பின் மூலம் தன் நிலையைக் காட்டிவிடுகிறது, அதுவும் சாதாரண எக்ஸ்ரேயில். இதற்காகக் கதிர்வீச்சுக்குப் பயப்பட வேண்டாம், கை கால் எக்ஸ்ரே ஒன்றின் அளவு இயற்கையாக நாம் சில மணி நேரத்தில் வாங்கிக்கொள்வதுதான்.

கோடு சாய்ந்திருந்தால் அடுத்தது எம்ஆர்ஐ. கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் படங்களில் குருத்தெலும்பு பளிச்சென்று தெரியும், பாலம் அதில் இருண்ட இடைவெளியாக நிற்கும், பரப்பையும் அளந்துவிடலாம். அது தட்டில் பாதிக்கும் குறைவாக இருந்து, இன்னும் இரண்டு வருட வளர்ச்சியாவது மிச்சமிருந்தால், பாலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்தக் குழியில் கொழுப்பை நிரப்புவார்கள். பின்லாந்தின் லாங்கென்ஷியோல்ட் 1960-களில் செய்துகாட்டிய வழி இது, இன்றும் பெரும்பாலும் கொழுப்புதான். குழியில் கொழுப்புக்குப் பதில் உயிருள்ள தட்டையே வளர்த்து வைக்கும் ஆய்வுகள் நடக்கின்றன, என்னைக் கேட்டால் அவற்றுக்கு இன்னும் தாராளமாகப் பணம் கொடுக்க வேண்டும்.