இப்சஸ் போரில் யானைகள் செய்தது என்ன? தயவுசெய்து இதைப் படித்துவிட்டு எழுதுங்கள்

இந்த முறையும் விடைத்தாளில் அதே வரி: "சந்திரகுப்த மௌரியர் அனுப்பிய 500 போர் யானைகள் இப்சஸ் போரில் கிரேக்கக் காலாட்படையை மிதித்து நசுக்கி வெற்றி தேடித் தந்தன." அடித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தால் அதிலும் இதே வரி, சொல் மாறாமல். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு வரலாறு எடுப்பது என் தொழில். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டால் பிள்ளைகள் போனை நீட்டுகிறார்கள். ரீல்ஸில் யானைக் கூட்டம் ஓடி வருகிறது, ஈட்டிக்காரர்கள் பறக்கிறார்கள், பின்னணியில் முரசு அதிர்கிறது. பார்க்கப் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுவல்ல.

கி.மு. 323-இல் அலெக்சாண்டர் பாபிலோனில் இறந்ததும் தளபதிகள் பேரரசுக்காக அடித்துக்கொண்டது உங்களுக்குத் தெரிந்த கதை. இருபது ஆண்டு கழித்து மிஞ்சியவர்களில் முழுப் பேரரசையும் பிடித்துவிடும் நிலையில் இருந்தவர் ஒற்றைக் கண் ஆன்டிகோனஸ். எண்பதை ஒட்டிய வயது. மகன் டெமெட்ரியஸ் அவருடைய வலது கை. இவர்களுக்கு எதிராக மாசிடோனியாவின் கசாண்டர், திரேஸின் லைசிமாக்கஸ், எகிப்தின் டாலமி, பாபிலோனின் செலூக்கஸ் ஆகியோர் கூட்டுச் சேர்ந்தார்கள். கி.மு. 301-இல், இன்றைய துருக்கியின் உள்நாட்டுப் பகுதியான ஃபிரிஜியாவில், இப்சஸ் என்ற இடத்தில் மோதல். களத்துக்கு வந்தவர்கள் லைசிமாக்கஸும் செலூக்கஸும். கசாண்டர் படை மட்டும் அனுப்பினார். டாலமி வரவே இல்லை. ஆன்டிகோனஸ் ஜெயித்துவிட்டார் என்ற பொய்ச் செய்தியை நம்பிச் சிரியாவிலிருந்து எகிப்துக்குத் திரும்பிவிட்டார். "நான்கு மன்னர்களும் களத்தில்" என்று எழுதுகிறவர்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, யானைகளுக்கு வருவோம்.

போரைக் கொஞ்சமாவது விரிவாகச் சொல்கிற பழைய எழுத்து, கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிய டெமெட்ரியஸ் வாழ்க்கை வரலாறு. அதில் வருவது இவ்வளவுதான். சிறந்த குதிரைப்படையோடு டெமெட்ரியஸ் பாய்ந்து செலூக்கஸின் மகன் ஆன்டியோக்கஸை முறியடிக்கிறார். வெற்றிக் களிப்பில் வெகு தூரம் துரத்திக்கொண்டு போகிறார். திரும்பி வரப் பார்த்தால் நடுவில் யானைகள். அப்பாவின் காலாட்படையை அவரால் எட்ட முடியவில்லை. நெடுஞ்சாலையில் குறுக்கே லாரி நின்றால் பின்னால் வருகிற வண்டி எப்படிச் சிக்குமோ, அப்படிச் சிக்கிக்கொண்டார். யானைகள் செய்தது மறியல். மிதித்தன, நசுக்கின என்ற பேச்சே அங்கு இல்லை.

ஏன் மறியல் போதும்? பழகாத குதிரை யானையைக் கண்டாலே முரண்டு பிடிக்கும், வாடை பட்டாலே ஒதுங்கும். கி.மு. 326-இல் ஜீலம் கரையில் போரஸின் யானைகள் எதிரே நின்றபோது, தன் குதிரைகள் அக்கரையில் இறங்காது என்றுதான் அலெக்சாண்டர் வேறு இடம் தேடி ஆற்றைக் கடந்தார். அந்தப் போரில் அலெக்சாண்டரின் படைப்பிரிவு ஒன்றை நடத்தியவர் இதே செலூக்கஸ்.

"சார், யானைகள் நேராகக் காலாட்படை மேல் பாய்ந்திருக்கலாமே?" என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு: காசாவைப் படியுங்கள். கி.மு. 312-இல் காசாவில் டெமெட்ரியஸ் நாற்பதுக்கும் மேற்பட்ட யானைகளை வைத்து அப்படித்தான் பாய வைத்தார். எதிரே நின்ற டாலமியும் செலூக்கஸும் சங்கிலியில் கோத்த இரும்பு முட்களைத் தரையில் போட்டுவைத்திருந்தார்கள். யானையின் உள்ளங்கால் மெத்தென்றது. முள் ஏறியதும் அவை வலியில் அங்கேயே தடுமாறி நின்றன. பாகர்கள் அம்பிலும் எறியீட்டியிலும் விழுந்தார்கள். யானைகள் எல்லாம் எதிரி கையில் சிக்கின. யானையை எப்படி நிறுத்துவது என்று தெரிந்த செலூக்கஸும், நிறுத்தப்பட்ட வலி தெரிந்த டெமெட்ரியஸும் பதினோரு ஆண்டு கழித்து இப்சஸில் மறுபடி நேருக்கு நேர் நிற்கிறார்கள். இந்தப் பின்னணி தெரிந்தால் ரீல்ஸ் காட்சியை நம்பத் தோன்றாது.

இப்சஸில் யானைகள் சண்டையே போடவில்லை என்றும் நான் சொல்லவில்லை. ஆன்டிகோனஸின் யானைகளும் லைசிமாக்கஸின் யானைகளும் சமபலத்தோடு மோதின என்று கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸின் நூலில் ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. அது யானைக்கும் யானைக்குமான சண்டை.

அப்புறம் காலாட்படை எப்படித் தோற்றது? குதிரைப்படைப் பாதுகாப்பு போனதும் பக்கவாட்டு திறந்துவிட்டது. நீண்ட ஈட்டிகளை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும் ஃபாலங்க்ஸ் அணிக்குப் பக்கத்திலிருந்து வரும் ஆபத்துதான் பெரிய ஆபத்து. செலூக்கஸ் அதன் மேல் பாயவில்லை. சுற்றிச் சுற்றி வந்து, பாய்வதுபோலப் போக்குக் காட்டி, கட்சி மாற நேரம் கொடுத்தார். பெரும் பகுதி அவர் பக்கம் போய்விட்டது. மிச்சம் சிதறியது. ஆன்டிகோனஸ் நகரவில்லை. "மன்னா, இவர்கள் உங்களை நோக்கித்தான் வருகிறார்கள்" என்று பக்கத்தில் இருந்தவர் சொல்ல, "வேறு யாரை நோக்கி வருவார்கள்? டெமெட்ரியஸ் வந்து காப்பான்" என்றார் கிழவர். கடைசிவரை மகன் வருகிறானா என்றே பார்த்துக்கொண்டிருந்தவர் எறியீட்டிகள் தைத்து விழுந்தார். லாரிஸாவைச் சேர்ந்த தோராக்ஸ் என்ற ஒருவர் மட்டும் உடல் அருகே இருந்தார். டெமெட்ரியஸ் 5,000 காலாட்களோடும் 4,000 குதிரைகளோடும் எபேசஸுக்குத் தப்பினார்.

இவ்வளவு உயிருள்ள ஒரு நிகழ்வை விட்டுவிட்டு "மிதித்து நசுக்கின" என்று முடித்துவிடுகிறீர்களே, அதுதான் எனக்கு ஆற்றாமை.

அடுத்து எண்கள். செலூக்கஸ் சந்திரகுப்தரோடு செய்த உடன்பாட்டில் 500 யானைகளைப் பெற்றதாகச் சொல்பவர் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ. அவர் மேற்கே கொண்டுவந்தவை 480 என்கிறார் டயோடோரஸ். போர்க்களத்தில் கூட்டணி பக்கம் 400, ஆன்டிகோனஸ் பக்கம் 75 என்பது புளூட்டார்க் கணக்கு. மூன்றும் மூன்று வெவ்வேறு தருணங்களுக்கான எண்கள். ஸ்ட்ராபோவின் 500-ஐத் தூக்கி இப்சஸ் களத்தில் வைப்பதுதான் பிழை. சந்திரகுப்தர் அந்தப் போருக்கென்று யானை அனுப்பவும் இல்லை. அது அவர்கள் இருவருக்குள் நடந்த எல்லைத் தகராற்றின் முடிவு. அந்த உடன்பாட்டில் திருமண உறவும் உண்டு என்பதால் மணமகளுக்கு ஹெலன் என்று பெயர் எழுதுகிறவர்களே, அந்த உடன்பாட்டைப் பேசும் கிரேக்க ஆசிரியர்கள் யாரும் எந்த மணமகளின் பெயரையும் தரவில்லை. சீரியலைப் பார்த்துத் தேர்வு எழுதாதீர்கள்.

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். ஒரு வீடியோவில் புள்ளிவிவரம் வந்தால் நிறுத்துங்கள். யார் சொன்னது, எப்போது எழுதியது என்று பாருங்கள். புளூட்டார்க் போர் நடந்து சுமார் நானூறு ஆண்டு கழித்து எழுதியவர். ஆன்டிகோனஸிடமே பணியாற்றி, அந்தக் கால வரலாற்றை எழுதிய கார்டியா நகர ஹிரோனிமஸின் நூல் தொலைந்துபோனது. ஆதாரத்தின் பெயரே சொல்லாத வீடியோவை மூடிவிடுங்கள். அம்புக்குறிகள் ஓடுகிற போர்க்கள வரைபடங்கள் இக்கால ஆய்வாளர்களின் ஊகம், அதை மனப்பாடம் செய்யாதீர்கள். ஆன்டியோக்கஸ் வேண்டுமென்றே ஓடிப் பொறி வைத்தார் என்பதும் ஊகமே. யானைகளைக் குறுக்கே நிறுத்தச் சொன்னது யார் என்று புளூட்டார்க் சொல்லவில்லை. வாட்ஸ்அப் குழுவில் நோட்ஸ் பகிரும் சக ஆசிரியர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், ஒருமுறை மூலத்தோடு ஒப்பிட்டுவிட்டு அனுப்புங்கள். நீங்கள் அனுப்பும் ஒரு வரி நூறு தாள்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

தேர்வில் கேட்டால் இதை எழுதினால் போதும்: "கி.மு. 301-இல் ஃபிரிஜியாவின் இப்சஸில் செலூக்கஸ், லைசிமாக்கஸ் படைகள் ஆன்டிகோனஸை வென்றன. செலூக்கஸ் பக்க யானைகள் டெமெட்ரியஸின் குதிரைப்படை திரும்பிவரும் வழியை அடைத்தன. ஆதரவிழந்த காலாட்படையில் பெரும்பகுதி கட்சி மாறியது. ஆன்டிகோனஸ் களத்தில் இறந்தார். ஆசியா மைனரின் பெரும்பகுதி லைசிமாக்கஸுக்கும் சிரியா செலூக்கஸுக்கும் போயின. தென் சிரியாவை டாலமி விடவில்லை. அதுவே பின்னாளில் சிரியப் போர்களுக்குக் காரணமானது." யானைகளின் எண்ணிக்கையைச் சேர்த்தால், அந்த எண்ணைச் சொன்னவர் பெயரையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.